இந்த ஒரு தெருவை எனக்கு விடு

பரமத்தி வேலூர்
4.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவீனா எழுதுகிறேன். கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடாதே. கனிஷ்காவின் பூப்புச் சீருக்குப் பிறகு நான் போட்ட போன் எதையும் நீ எடுக்கவில்லை. நான்கு மாதம் ஆகிறது. தனபால் மாமாவுக்குப் போட்டால், "அவ வெளிய போயிருக்காளே அம்மிணி" என்கிறார். பின்னால் நீ மிக்ஸி ஓட்டுகிற சத்தம் கேட்கிறது. அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். எனக்குச் சேலத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. கன்னங்குறிச்சி தாண்டி இருக்கிற சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் இடம். ஜூன் ஒன்பதாம் தேதி சேர வேண்டும். கனிஷ்காவை எட்டாம் வகுப்புக்கு அங்கேயே சேர்த்துவிடலாம். கனிஷ்கா அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வந்துகொள்கிறேன் என்கிறார். அம்மாவும் எங்களோடுதான் வருகிறாள்.

டி.பார்ம் படிக்கும்போது தாதகாப்பட்டியில் உன் வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சேலம் என்றால் புது பஸ் ஸ்டாண்டும் துணிக்கடையும்தான். எந்தப் பக்கம் குடியிருக்கலாம், எந்தப் பக்கம் கூடாது என்று ஒன்றும் தெரியாது. நீ கன்னங்குறிச்சிக்கு வீடு மாறி மூன்று வருடம் ஆகிறது. அங்கேயே, முடிந்தால் உன் தெருவிலேயே, கீழ் போர்ஷனாக ஒன்று பார்த்துச் சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது.

சீர் அன்றைக்குப் போட்டோக்காரர் கூப்பிட்டபோது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதானுங்க" என்றது வாய் தவறி வந்தது. எழுபத்து மூன்று வயதாகிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

பதில் எழுது.

உன் தங்கை
பிரவீனா


சேலம்
9.5.2025

பிரவீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அம்மா, "ஆரு, சௌந்திரமா? ஸ்பீக்கர்ல போடு" என்பாள். போட்டதும் கனிஷ்கா வாங்கிய மார்க்கைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். நானும் எழுதியே சொல்கிறேன்.

மாறுதல் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் கன்னங்குறிச்சி உனக்கு ஒத்துவராது. தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான். ஏரி பக்கத்தில் இருப்பதால் சாயங்காலம் ஆனால் கதவைத் திறந்து வைக்க முடியாது, அவ்வளவு கொசு. வீட்டுக்காரர்கள் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார்கள். என் தெருவில் காலி வீடும் இல்லை.

சீலநாயக்கன்பட்டிப் பக்கம் பார். நாமக்கல் ரோடு. மாப்பிள்ளை வாசலில் நின்று கையைக் காட்டினால் பஸ் ஏறிவிடலாம். நீங்கள் ஊருக்குப் போக வரவும் வசதி. மாமாவின் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வருகிற குமாரசாமி என்பவர் அங்கே வீடு வைத்திருக்கிறார். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். அது அமையவில்லை என்றால் கொண்டலாம்பட்டி.

தாதகாப்பட்டியும் நல்ல இடம்தான். உன்னை அங்கே இன்னும் மறக்கவில்லை. நான் காலி செய்து சாமான் ஏற்றுகிறபோதுகூட மூன்று பேர் வந்து, "உங்க தங்கச்சி எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார்கள். பதினெட்டு வருடம் அந்தத் தெருவில் இருந்தவளை எங்கே போகிறாய் என்று ஒருவர் கேட்கவில்லை.

அம்மா வாய் தவறிச் சொல்லவில்லை. வாய் தவறியிருந்தால்தான் என் பெயர் வந்திருக்கும்.

சௌந்திரம்


பரமத்தி வேலூர்
19.5.2025

அக்காவுக்கு,

நேற்று நான், அவர், அம்மா மூன்று பேரும் சேலம் வந்தோம். கனிஷ்காவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம்.

சீலநாயக்கன்பட்டி வீட்டைப் பார்த்தோம். குமாரசாமி நல்ல மனிதர், மோர் கொடுத்து உபசரித்தார். வீடு இரண்டாம் மாடி. அம்மா ஆட்டோவை விட்டே இறங்கவில்லை. அங்கிருந்து என் வேலை இடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க டவுன் பஸ் ஏறினோம். பழைய பஸ் ஸ்டாண்டில் மாறி, நின்று நின்று, ஒன்றே கால் மணி நேரம். ஊருக்கு இந்தக் கோடியில் வீடு, அந்தக் கோடியில் வேலை. உனக்கு இது தெரியாது என்று நான் நம்ப வேண்டும்.

கன்னங்குறிச்சியில் பஸ் நின்றபோது அம்மா, "வந்ததே வந்தோம், சௌந்திரம் ஊட்டை ஒருக்காப் பாத்துட்டுப் போலாம். மூணு வருசமாச்சு, ஊடு எப்படியிருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள். வந்தோம். உன் கதவு பூட்டியிருந்தது. மாமாவுக்குப் போன் போட்டதில் ஆத்தூரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று தெரிந்தது.

திரும்பினால் எதிர் வீட்டு கேட்டில் டு-லெட் போர்டு. கட்டியிருந்த கயிறு வெளுத்துப் போயிருந்தது. நேற்று மாட்டிய போர்டு இல்லை அது.

வீட்டுக்காரம்மா சாவியோடு வந்தார். கந்தம்மாள் என்று பெயர் சொன்னார். கீழ் போர்ஷன், இரண்டு அறை, வெளிச்சம். அம்மாவுக்கு ஒரு படிகூட இல்லை. நான் சமையலறையைப் பார்த்துக்கொண்டே, "எதிர் ஊட்டு சௌந்திரம் உங்களுக்குப் பழக்கமுங்களா?" என்று கேட்டேன். அடுத்த வார்த்தை, நான் அவர் தங்கச்சி என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பழக்கமாவா? அது என்ற புள்ளைங்க. தாயில்லாப் புள்ளை. கூடப் பொறந்ததும் ஆருமில்ல. என்ற ஊட்டுக்காரரு போன பொறவு எனக்கும் ஆருமில்ல. ஒருத்திக்கு ஒருத்தியா இருக்கறோமுங்க."

அம்மா எனக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்துருங்க. போர் தண்ணியும் இருக்குது."

"சரிங்க" என்றாள் அம்மா.

நாங்கள் யாரென்று சொல்லாமலே கிளம்பினோம். நாமக்கல்லில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றாள். அவ்வளவுதான்.

அம்மா உயிரோடு இருக்கிறாள், அக்கா. நானும் இருக்கிறேன். கந்தம்மாள் என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். அந்த வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

பிரவீனா


சேலம்
24.5.2025

பிரவீனா,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. கந்தம்மாள் அக்காவைப் பார்த்தால் ஒரு வணக்கம் வைப்பார், அதற்கு மேல் பேசமாட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம். பாத்திரப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நான்கு நாள் முடிந்துவிட்டது என்று அன்றைக்குக் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் நீ சொல்லி இல்லை. ஊரிலிருந்து வந்தவர் ஒருவர் சொன்னார். உன்னைக் கேட்டால், "நீ ஊடு மாத்தற வேலையில இருக்கற, இப்பச் சொல்ல வேணாம்னு அம்மாதான் சொன்னாங்க" என்றாய். அப்போதுதான் கந்தம்மாள் அக்கா கிண்ணத்தில் குழம்போடு உள்ளே வந்தார்.

"அம்மா எங்கீங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

"அம்மா இல்லீங்க" என்றேன்.

என்னோடு இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். அழுகை வந்து அவ்வளவோடு நின்றுவிட்டது. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழுகாத சாமி, நானிருக்கறேன்" என்றார். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அப்படி ஒருவர் என் தலையைப் பிடித்து எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை. தலையை எடுத்து, அம்மா வேலூரில் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். எடுக்க மனம் வரவில்லை. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். முதலாவது அவராகப் புரிந்துகொண்டது. இரண்டாவது நானாகச் சொன்னது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

போன ஆடி அமாவாசைக்கு, "உங்கம்மாவுக்கும் சேத்தி ஒரு வெளக்கு வெச்சேன்" என்று வந்து சொன்னார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

நான் தாதகாப்பட்டியை ஏன் விட்டேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நீ அங்கே எந்தத் தப்பும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டாய், எல்லோருக்கும் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தாய், சிரித்தாய். போதாதா? நீ படித்து முடித்துப் போன பிறகும் அந்தத் தெருவில் நான் பிரவீனாவின் அக்கா. அம்மா என்னைப் பார்க்க வந்தாலும் அவர்களோடு உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் பேசினாள். நான் டீ போட்டுக் கொண்டு வந்து கொடுப்பேன்.

கன்னங்குறிச்சியில் வீடு பார்க்கும்போது நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, பஸ் வசதியைப் பார்க்கவில்லை. உன்னைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத தெருவாகப் பார்த்தேன்.

சேலத்தில் எத்தனையோ ஏரியா இருக்கிறது. அழகாபுரம் போ, பெரமனூர் போ, சூரமங்கலம் போ. நானே வந்து வீட்டைக் கழுவித் தருகிறேன். இந்த ஒரு தெருவை எனக்கு விடு. நீ எதிர் வீட்டுக்கு வந்தால் ஒரே மாதம். அதற்குப் பிறகு கந்தம்மாள் அக்கா காலையில் கதவைத் திறந்ததும் உன் பெயரைத்தான் கூப்பிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

சௌந்திரம்


பரமத்தி வேலூர்
30.5.2025

அக்கா,

அஸ்தம்பட்டியில் வீடு பிடித்துவிட்டோம். கீழ் போர்ஷன்தான். வேலைக்கு ஒரே பஸ். ஜூன் ஆறாம் தேதி பால் காய்ச்சுகிறோம். கந்தம்மாள் மூன்று தடவை போன் செய்தார். "உங்களைப் பாத்தா ரொம்ப நாள் பழகுன மாதிரி இருக்குதுங்க, வந்துருங்க" என்றார். வேறு இடம் அமைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படிச் சொன்னதை உனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கும் கோபம் இருக்கிறது.

அம்மா என்னிடம் இருப்பதை எனக்குக் கிடைத்த பரிசு என்று நினைக்கிறாய். தினமும் காலையில் தோசை வைத்ததும், "சௌந்திரம் மாவாட்டுனா இப்படியா இருக்கும்?" என்பாள். நான் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன்; அவள் நீ எட்டு வயதில் ஒண்டியாகச் சோறாக்கிய கதையைச் சொல்வாள். என்னைக் கூப்பிடும்போது பாதி நேரம் சௌந்திரம் என்றுதான் கூப்பிடுகிறாள். நீ பத்தாம் வகுப்பில் கொக்கி ஊசியால் பின்னிய மேசை விரிப்பு அவள் டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது, யாரையும் தொட விடமாட்டாள். நான் டி.பார்ம் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டிய அன்றைக்கு, "மடிச்சு உள்ள வை" என்றாள்.

போட்டோக்காரர் முன்னால் சொன்னது ஊருக்காகச் சொன்னது. வீட்டுக்குள் நான் பதினாறு வருடமாக உனக்கு அடுத்ததாகத்தான் இருக்கிறேன். இதை நான் ஏன் இதுவரை சொல்லவில்லை தெரியுமா? சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதனால்தான்.

இன்னொன்று. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். திட்டுவதானால் திட்டு. அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவரைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஆனால் அன்றிலிருந்து கந்தம்மாளைப் பற்றித்தான் பேச்சு. "அவளுக்குப் புள்ளைக உண்டா இல்லையா? தெனமும் கொழம்பு குடுக்கறாளாமா? என்ன கொழம்பு? நம்ம புள்ளைக்கு என்ன பிடிக்கும்னு அவளுக்கு என்ன தெரியும்?" நீ மட்டும்தான் பொறாமைப்படுகிறாய் என்று நினைக்காதே.

பிரவீனா


சேலம்
12.6.2025

அன்புள்ள பிரவீனா,

போன வாரம் புதன்கிழமை, "அம்மா இங்கதான் இருக்கா, பயப்படாத" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேச என்னால் முடியவில்லை. நீ பால் காய்ச்சிய அன்றைக்கும் நாங்கள் வரவில்லை. உனக்கு என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிய வேண்டும்.

அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும். ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் தெருவுக்குள் திரும்புகிறேன். கந்தம்மாள் அக்கா வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அவர். இன்னொன்றில் அம்மா. உன்னிடம்கூடச் சொல்லாமல், தனியாக, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கவுளி வெற்றிலை, வேலூரிலிருந்து அம்மா கொண்டுவந்தது.

"வா சௌந்திரம்" என்றார் கந்தம்மாள் அக்கா. "அன்னிக்கு ஊடு பாக்க வந்தாங்கன்னேனே, அந்தம்மா. அவுங்க புள்ளைக்கு வேறெடம் அமைஞ்சிருச்சாமா. இருந்தாலும் இன்னொருக்காப் பாக்கலாம்னு வந்திருக்காங்க."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். "ஊடு பாக்கத்தானுங்க வந்தேன். இந்தத் தெருவு சனம் எப்படின்னு கேட்டுட்டிருந்தேன். நல்ல சனமாட்டத்தான் தெரியுது."

என்னைப் பெற்றவள் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினாள், பிரவீனா. என்னைக் காட்டிக்கொடுக்க அவள் வரவில்லை. அம்மா இல்லை என்று நான் சொன்னேன் அல்லவா, அப்படியே இல்லாதவளாகவே இருந்து, எனக்குச் சோறு போடுகிறவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். பேசாமல் என் வீட்டுக்குள் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

கந்தம்மாள் அக்கா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன குடுத்தாலும் மொகம் சுளிக்காதுங்க. நேத்துக்கூட கத்திரிக்காக் கொழம்பு வெச்சுக் குடுத்தேன், ஒரு பருக்கை மிச்சம் வெக்கல."

அம்மா நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"கத்திரிக்காயா? அவளுக்கு ஆகாதே! ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிருமே!"

மூன்று வருடமாக அந்தக் கத்திரிக்காய்க் குழம்பை மாமாதான் சாப்பிடுகிறார்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் கந்தம்மாள் அக்கா.

அம்மா தடுமாறினாள். "இல்லீங்க, கொஞ்சம் பேருக்கு ஆகாது, அதத்தான்..." என்று இழுத்தாள். எனக்காக ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"எங்கம்மாங்க, அக்கா" என்றேன். "என்னைப் பெத்தவங்க."

கந்தம்மாள் அக்கா என்னைத் திட்டவில்லை. "அமாவாசைக்கு வெளக்கு வெச்சேனே, சாமி" என்று மட்டும் சொன்னார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் நிற்கவில்லை. மாமாவைக் கடையிலிருந்து வரச்சொல்லி, இரண்டு பேரும் தூக்கி வந்தோம். டாக்டர் பன்னிரண்டு நாள் நடக்கக்கூடாது என்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் என் கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே நொச்சி இலை. ஒத்தடம் கொடுக்க. அதற்கு மறுநாளிலிருந்து கந்தம்மாள் அக்கா வருகிறார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேராக அம்மா கட்டிலுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நான் காபி எடுத்துக்கொண்டு போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டு பேரையும் என் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நான் வெளியே நிற்கிறேன்.

நேற்று அம்மா என்னைப் பிரவீனா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. போனேன்.

அக்கா
சௌந்திரம்


அஸ்தம்பட்டி, சேலம்
3.7.2025

அக்கா,

நான்கு கிலோமீட்டருக்குத் தபால்தலை ஒட்டுகிறாயா என்று அவர் சிரிக்கிறார். போனில் உன் குரலைக் கேட்டால் நான் வேறு எதையாவது பேசிவிடுகிறேன். எழுதினால்தான் நினைத்தது வருகிறது.

வீடு பரவாயில்லை. கனிஷ்கா பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். அம்மாவின் கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டு, மேலே புது விரிப்பு விரித்து வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்ன பன்னிரண்டு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. நான் கேட்கும்போதெல்லாம் அம்மா, "இன்னும் நாலு நாள் போகட்டும் சாமி" என்கிறாள். இதோடு மூன்று தடவை அந்த 'நாலு நாள்' முடிந்துவிட்டது. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. நீ பிடித்து வைத்திருக்கவில்லை என்று தெரியும். பிடித்து வைத்திருந்தால் சண்டையாவது போடலாம்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் முழங்கால் மாத்திரைக்கு வருகிற பாட்டிகள் ஒவ்வொருவரிடமும், வீட்டில் யார் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள் என்று கேட்கிறேன். எதற்கு இந்தப் புள்ளை இதையெல்லாம் கேட்கிறது என்று பார்க்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஏரிக்கரை ஓரம் முன்னால் ஒரு டிராக்டர் நின்றுவிட்டது. பஸ் பத்து நிமிடம் நகரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீங்கள். அம்மா நடுவில், கந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிறாள். நீ அந்தப் பக்கம், அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறாய். கந்தம்மாள் உன் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். உன்னிடம்தான் சொன்னார், நான் நன்றாகப் பார்த்தேன். நீ பதில் சொன்னாய். உடனே மூன்று பேரும் சிரித்தீர்கள். அம்மா நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தாள். என்னிடம் இருந்த இத்தனை வருடத்தில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். கண்டக்டர், "இங்க ஸ்டாப் இல்லீங்க" என்றார். இருந்திருந்தாலும் இறங்கியிருப்பேனா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவைக் கூட்டிப்போக இல்லை, சும்மாதான். அதற்குள் ஒன்று மட்டும் எழுது. போனில் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தம்மா என்ன சொன்னார்? நீ என்ன சொன்னாய்? அம்மா எதற்கு அப்படிச் சிரித்தாள்?

பிரவீனா